ஒருவர் பின் ஒருவராக எடின்பரோவில்

எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழ்வீட்டில் இருக்கும் மொய்ரா ஒரு காலை தன் நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னை மறித்தார். "கேட்கிறேன் என்று கோபிக்காதே. உனக்கும் உன் அம்மாவுக்கும் சண்டையா?" பூங்காவில் எங்களைப் பல நாட்களாகக் கவனித்திருக்கிறார். மூன்று பேர் சேர்ந்து நடக்கக்கூடிய பாதையில் நான் முன்னால் போவேன். அம்மா பின்னால், நான் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து வருவார். ஒருநாளும் பக்கத்தில் வந்ததில்லை. "சண்டை இல்லை. அப்படி நடப்பதுதான் அம்மாவுக்குப் பாதுகாப்பு" என்றேன். மொய்ராவின் முகம் இளகியது. "எடின்பரோவில் களவு, வழிப்பறி எல்லாம் குறைவு. பயப்பட வேண்டாம் என்று சொல்லு" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது?

இலங்கையில், வன்னியில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போர் முடிந்து, கொஞ்சக் காலம் நெளுக்குளத்தில் சொந்தக்காரர் வளவில் இருந்துவிட்டு, நாயாற்றுப் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பியபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. கணக்குப் பாடத்துக்கு முன்னர் எங்களுக்குக் கண்ணிவெடிப் பாடம் நடந்தது. மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் நில். தெரியாத பொருளைத் தொடாதே. சனம் நடந்து வெளுத்த தடத்தை விட்டு இறங்காதே. இறங்கிவிட்டால், வந்த காலடியிலேயே திரும்பு. எதையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொள்வது என் சுபாவம் என்பதால் அவற்றை ஒழுங்காக மனப்பாடம் செய்தேன். அம்மா மனப்பாடம் செய்யவில்லை, காலுக்குப் பழக்கிவிட்டார். அப்போது அவர் முன்னால், நானும் தம்பியும் பின்னால். எங்கள் செவலைப் பசு வீட்டுக்குப் பின்னால் இருந்த கச்சான் கடலைக் காணிக்குள் இறங்கி, ஒரு மத்தியானம் அந்த வெடிச் சத்தம் கேட்ட பிறகு, அம்மா அந்தப் பக்கம் பார்த்துக் கதிரை போட்டுக்கூட இருந்ததில்லை.

இப்போது கண்ணிவெடி அகற்றுபவர்கள் அந்தக் காணியைச் சுத்தமாக்கி, பலகையைக் கழற்றி, கையில் தந்துவிட்டார்கள். போன மாரி மழையோடு கச்சான் போடத் தம்பி தயாராக நின்றான். அம்மா விடவில்லை. கோடைக்கு என்னிடம் விசிற் விசாவில் வந்த பிறகும் அதே பேச்சுத்தான்: "நான் இருக்குமட்டும் அதுக்குள்ள ஒருத்தரும் கால் வைக்கேலாது." தம்பி எனக்குத் தனியாகப் போன் எடுத்தான். "அக்கா, அவா அங்க நிக்கேக்குள்ள நீங்கள்தான் ஏதாவது செய்யவேணும். கண்ணுக்கு முன்னால காணி கிடக்க நான் கூலிக்குப் போகமாட்டன். இந்த மாரிக்கும் விதைக்கேல்லையெண்டா கட்டாருக்கு வேலைக்குப் போயிடுவன்." அவன் போனால் அந்த வீட்டில் அம்மா தனி.

நான் ஒரு பட்டியல் போட்டேன். அகலப் பாதையுள்ள பூங்காக்கள் முதலில், ஒற்றையடிப் பாதையுள்ளவை அடுத்து, வெறும் புல்வெளி கடைசியில். அம்மா ஊருக்குத் திரும்ப முன்னர் அவரைப் புல்லில் கால் வைக்கச் செய்வது என்று முடிவெடுத்தேன்.

கோட்டை மலையின் அடிவாரத்தில் இருக்கும் பூங்காவில் தொடங்கினோம். முன்னொரு காலத்தில் அது ஏரி என்றும், அதை வற்ற வைத்துத்தான் பூந்தோட்டம் ஆக்கினார்கள் என்றும் சொன்னேன். அடுத்ததாக, நடுவே அகலப் பாதை போகும் மெடோஸ் என்ற பெரிய புல்வெளிக்குப் போனோம். அதுவும் ஒரு காலத்தில் ஏரி. அம்மா நின்றுவிட்டார்.

"இதுவும் குளமோ? இந்தச் சனத்துக்குக் குளத்தோட என்ன கோவம்? எத்தினை ஏக்கர் வயல் பாய்ஞ்சிருக்கும்!"

"இஞ்ச வயல் இல்லையம்மா."

"மாடும் இல்லை. இவ்வளவு புல்லையும் ஆருக்கு வளக்கினம்?" பிறகு, வெயிலில் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் படுத்திருந்த இளைஞர்களைப் பார்த்தார். "ஓ, கருவாடு காயப் போடத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மா பாதையின் நடுவை விட்டு அசையவில்லை.

தாவரவியல் பூங்காவில் காரியம் கெட்டது. ஒரு திருப்பத்தில் புதிதாகக் கொத்திய மண்ணைச் சுற்றிக் கட்டைகள் நட்டு, சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். அம்மா என் தோளைப் பிடித்தார். "திரும்பு பிள்ளை. வந்த காலடியில திரும்பு." என் கால்கள் ஏற்கெனவே திரும்பியிருந்தன. தோட்டக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "ஒன்றுமில்லை, புல் விதை போட்டிருக்கிறோம். இப்படிச் சுற்றிப் போகலாம்" என்று பக்கத்துப் புல்லைக் காட்டினார். உதவி செய்யத்தான் வந்தார், பாவம். அம்மாவுக்கு அதைவிட மோசமான வழியை அவரால் காட்டியிருக்க முடியாது. அதன் பிறகு சில நாட்கள் அம்மா குசினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நான் பட்டியலில் எதையும் வெட்டவில்லை. மெடோஸ் என்பதற்குப் பக்கத்தில் 'மறுபடியும்' என்று எழுதினேன்.

மறுபடியும் போன காலையில் ஒருவர் சிறிய உழவு இயந்திரம் போன்ற ஒன்றில் இருந்தபடி புல் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா பாதையோர வாங்கில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு கரையில் தொடங்கி மறுகரை வரை போய், திரும்பி, வெட்டிய கீலத்தை ஒட்டியே அடுத்த கீலம் வெட்டி வந்தார் அந்த மனிதர். நான் போகலாமா என்று கேட்டபோதும் அம்மா இடத்தைவிட்டு எழும்பவில்லை. முழுவதும் வெட்டி முடியும் வரை அவர் கண் எடுக்கவில்லை.

"ஒரு சாண் இடமும் விடேல்லை" என்றார். எழுந்து பாதையின் விளிம்புக்குப் போனார். புல்லில் பதிந்திருந்த இயந்திரச் சில்லுத் தடத்தில் ஒரு செருப்பை வைத்தார். பிறகு மற்றதை. தடம் பிடித்தபடியே கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, நீ வரேல்லையோ?"

"வாறன்" என்றேன். ஆனால் கால் எழும்பவில்லை.

நான் நில அளவைத் தொழில்நுட்பம் படித்தவள். இந்த நகரத்தில் நிலத்துக்குக் கீழே போகும் தண்ணீர்க் குழாய்களை வரைபடத்தில் குறிப்பதுதான் என் வேலை. அந்தப் புல்வெளியின் கீழே எது எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும், நானே வரைந்திருக்கிறேன். தினமும் அதன் ஓரமாகத்தான் வேலைக்குப் போகிறேன். ஒருநாள்கூட அதில் இறங்கியதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "நல்ல ஆள்தான்! என்னை இறக்கிப்போட்டு, தான் கரையில நிக்கிறா." சிரித்தார். பிறகு குரல் மாறியது. "வா. என்ர காலடியில கால வை."

வைத்தேன்.

அன்று பின்னேரம் அம்மா தம்பிக்குப் போன் எடுத்தார். "உழவுக்கு ஆள் சொல்லி வை. ஆனா நான் வந்தாப் பிறகுதான் மெசின் இறங்கவேணும். முதல் நான் நடப்பன்."

"அம்மா, அவங்கள் எல்லாம் பாத்துத்தானே தந்தவங்கள்."

"ஓம், அவங்கள் பாத்தவங்கள். நான் பாக்கேல்லைத்தானே."

ஐப்பசியில், அம்மா ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, நான் மெடோஸ் ஓரமாக வேலைக்குப் போகும் வழியில் வீடியோ அழைப்பு வந்தது. தம்பி போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். திரையில் அம்மாவின் முதுகும், குதிக்கால்களும், காணியின் மணலும் தெரிந்தன. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான் பாதையை விட்டுப் புல்லில் இறங்கினேன். அவர் ஓர் அடி வைக்க நானும் ஓர் அடி வைத்தேன். இங்கே மழை பெய்து ஓய்ந்திருந்தது. சப்பாத்துக்குள் ஈரம் ஏறியது.

பாதையில் நாயோடு வந்த மொய்ரா கையசைத்தார். "இன்றைக்கு அம்மாவைக் காணவில்லையே?"

"முன்னால் போகிறார்" என்றேன், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவர் எனக்கு முன்னால் இருந்த வெறும் புல்வெளியை எட்டிப் பார்த்தார்.