சித்தி ஏற்றிய தரை

என் சித்தி பள்ளிச் சீருடை தைப்பவள். ஒரு பிள்ளை கடை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அதன் தோள் அளவைச் சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டுச் சமையலறையில் மட்டும், வாழ வந்த காலத்திலிருந்து ஒரு பலகை மேல் ஏறி நின்றுதான் சமைத்தாள்.

காரணம் அவளுடைய நாத்தனார். சித்தப்பாவின் அக்கா. நெட்டை உடம்பு, நீளக் கழுத்து. அவள் இல்லாத இடத்தில் எங்களுக்கெல்லாம் கொக்கு.

சித்தி புதுப்பெண்ணாக வந்தபோது வீடு பாதி கட்டி நின்றது. சமையல் மேடை எந்த உயரத்துக்கு வேண்டும் என்று கேட்டவர்களிடம் கொக்கு தன் இடுப்பில் கை வைத்து "இங்க" என்றாள். சமையலறைக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே வரும் பரணுக்கும் அவள்தான் அளவு. உச்சந்தலைக்கு மேல் நாலு விரல் விட்டு, "இங்க. எடுக்க வைக்க எனக்கு வாகா இருக்கணும், தெரியுதா?" அடுத்த வருஷமே அவள் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள். மேடையும் பரணும் கூடப் போகவில்லை.

மேடை சித்திக்கு முழங்கைக்கு மேலே வந்தது. காய் நறுக்கினால் பறக்கப்போகிறவள் மாதிரி தோள் இரண்டும் தூக்கிக்கொள்ளும். சொல்லிப் பார்த்தாள். கொக்கு சொன்ன பதிலை நான் மூக்கால் பேசிக் காட்டுவேன். எழுத்தில் மூக்கு வராது, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்:

"உசரம் பத்தலைன்னா ஒரு பலகையப் போட்டுக்கோம்மா. வீட்டுக்காக நாமதான் வளையணும். நமக்காக வீடு வளையுமா? தெரியுதா?"

சித்திக்குத் தெரிந்தது. ஒரு எழுத்து விடாமல் மனசில் தைத்து வைத்துக்கொண்டாள்.

பலகை வந்தது. அடியில் கட்டை அடித்த, அரைச் சாண் உயரப் பலகை. அதிலிருந்து இரண்டு முறை வழுக்கி விழுந்தாள். ஒரு முறை கொதிக்கிற எண்ணெயோடு. மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சித்தப்பா மருந்து தடவிக்கொண்டே சொன்னாராம், "அதில்லம்மா, அக்கா நல்லதுக்குத்தான் சொல்லிருக்கும்."

இந்த வருஷம் தொட்டிக் குழாய் கசிந்து மேடை விரிசல் விட்டது. சித்தி முகத்தில் அப்படியொரு வெளிச்சம்! மறுநாளே கொத்தனார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அதில்லம்மா, அக்காவ ஒரு வார்த்தை கேட்டுட்டா..." என்று சித்தப்பா இழுத்தார்.

"போன தடவையே கேட்டாச்சு. அந்தப் பதிலே இன்னும் வலிக்குது."

டைல் கடையில் அவள் முடிவெடுத்த வேகத்தைப் பார்த்து விற்கிற பையனே பயந்துவிட்டான். தரைக்குப் பச்சை. ஏன் பச்சை? "அய்ய, ஆஸ்பத்திரி மாதிரி" என்று கொக்கு எப்போதோ சொன்ன நிறம். அலமாரிக்குக் கதவு வேண்டாம். பாத்திரம் வெளியே தெரிந்தால் கொக்குக்குப் பிடிக்காது. அடுப்புக்கு எதிரே ஜன்னல். காற்றில் தீ ஆடும் என்று தடுத்தவள் அவள்.

கொத்தனாருக்கு ஆச்சரியம். அவர் குரல் மணல் சலிக்கிற மாதிரி கரகரக்கும். "எப்பிடிம்மா பட்டு பட்டுனு சொல்றீங்க? மத்த வீட்ல ஒரு கைப்பிடிக்கு ஒரு வாரம் யோசிப்பாங்க."

"நமக்கு என்ன பிடிக்கும்னு யோசிச்சாத்தாங்க நேரமாகும். ஆகாதவங்களுக்கு எது பிடிக்காதுன்னு யோசிச்சுப் பாருங்க, சட்டுனு வந்துரும்."

எல்லாம் தோரணம்தான். உண்மையான பழி மேடை உயரத்தில் இருந்தது. கொக்கு வந்து, இந்த மேடையில் இடுப்பொடியக் குனிந்து ஒரு வெங்காயமாவது நறுக்க வேண்டும். சித்தி தரையில் நின்று அதைப் பார்க்க வேண்டும்.

பழைய மேடையை இடித்து அள்ளிய பிறகு கொத்தனார் சொன்னார், "சமைக்கிற மாதிரி நில்லுங்கம்மா, கோடு போட்டுக்கறேன்." சித்தி கரண்டியோடு வந்து நின்றாள். முழங்கையை மடக்கிக் காட்டினாள். அவர் சுவரில் கோடு போட்டார். சித்தப்பா தலையாட்டினார். நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடை எழும்பி, கருங்கல் பதித்து, ஈரம் காய்ந்த அன்று சித்தி கரண்டியோடு போய் நின்றாள். தோள் இரண்டும் தூக்கிக்கொண்டன.

"என்னங்க இது? அதே உசரம்!"

கொத்தனார் அளந்தார். சுவர்க் கோட்டோடு மேடை கச்சிதமாக இருந்தது. அப்புறம்தான் நாங்கள் எல்லோரும் மூலையில் கிடந்த பலகையைப் பார்த்தோம். மேடை போன பின்னும் அது சுவரோரம் அப்படியே கிடந்திருக்கிறது. அளவு கொடுக்க வந்தவளின் கால் பழக்கத்தில் அதன் மேல் ஏறியிருக்கிறது.

"சொல்லக் கூடாதா நீங்க?"

"நீங்க நின்னீங்க, நான் கோடு போட்டேன். கால பாக்கற வேல எனக்கு எதுக்கும்மா?"

சித்தப்பா வாய் சும்மா இருக்குமா? ராத்திரிக்குள் அக்காவுக்குச் சொல்லியாகிவிட்டது. மறுநாள் காலையில் போன்: "என்னம்மா, இடிச்சுக் கட்டியும் நான் வச்ச உசரத்துக்குத்தானே வந்து நிக்கிற? ஞாயித்துக்கெழம வர்றேன், பாக்கணும் அந்த அழக, தெரியுதா?"

சித்தி போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். மேடையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பரணை ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கல்லப் பேத்துரவாம்மா?" என்றார் கொத்தனார்.

"மேடைல கை வைக்காதீங்க. தரைய ஏத்துங்க. மொத்தமா, இந்தப் பலகை உசரத்துக்கு."

"தரை ஏறினா பரண் தலைல இடிக்குமேம்மா."

"யாரு தலைல?"

"நெட்டையா இருக்கறவங்க தலைல."

"ஏத்துங்க."

"அதில்லம்மா, நானும் நெட்டைதானே?" என்றார் சித்தப்பா.

"தெரியும்" என்றாள் சித்தி.

ஞாயிற்றுக்கிழமை கொக்கு பேசிக்கொண்டேதான் வந்தாள். "எங்க, பாப்போம் அந்தப் புது மேடை..." சமையலறை வாசலில் புதுப் படி ஏறி உள்ளே காலை வைத்ததும் 'ணங்' என்றது. பரணில் ஒரு மூடி உருண்டு விழுந்தது. கொக்கு நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சித்தி பச்சைத் தரையில் இரண்டு பாதமும் பதித்து, தோள் தூக்காமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

"பாத்து வாங்க அண்ணி. வீட்டுக்காக நாமதான் வளையணும்."

'தெரியுதா' வரும் என்று காத்திருந்தேன். கொக்கு தம்பியைத் தேடினாள், அவர் வெளியிலேயே நின்று தன் நெற்றிப் புடைப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க அண்ணி, டீ போடறேன்" என்று சித்தி மேடைக்கு அடியிலிருந்து அந்தப் பலகையை இழுத்துப் போட்டாள். வேறு வழியில்லாமல் கொக்கு அதில் உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் காதை நோக்கி வந்தன. உச்சியில் சாயம் படாத நரை ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் சித்தி அந்த உச்சியைப் பார்த்ததே இல்லை.

டீயை நீட்டுவதற்குக் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. சித்தி அவசரப்படவில்லை. நின்று, நன்றாகப் பார்த்துவிட்டு, அப்புறம் குனிந்தாள்.