ஷீட்டைத் துடைத்த ஞாயிற்றுக்கிழமைகள்

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஐப்பசி மழையில் ஒவ்வொரு வருஷமும் கொத்தமல்லி அழுகிப்போகும். அதற்காகத்தான் பாத்திக்கு மேல் குடில் போட்டோம். நானும் என் கணவரும் இரும்புக் கம்பிகளை இரண்டு வரிசையாக மண்ணில் அடித்து, பிவிசி பைப்பை வில்லாக வளைத்து, முனைகளை அவற்றின் மேல் செருகினோம். மேலே வெளிச்சம் புகுகிற கெட்டியான பாலித்தீன் ஷீட். உள்ளே நிமிர்ந்து நடக்கலாம். ஊரில் அதை டென்ட் என்றார்கள்.

அந்த மழைக்குக் கொத்தமல்லி தப்பியது. தை பிறந்ததும் உள்ளே தக்காளி நட்டோம். செடி பூக்காமல் வெளிறி, நூல் மாதிரி நீண்டது. உரம் வைத்தேன், தண்ணீரைக் குறைத்தேன். ஒருநாள் வெளியே நின்று ஷீட்டைத் தடவினேன். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு.

என் கணவருக்கு அருகிலிருந்த இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. சாயங்காலம் வந்தவரிடம் கையை நீட்டினேன். கறுப்பை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“எங்க கம்பெனி கரிதான். மழையிருந்த வரைக்கும் அதுவே கழுவிக்கினு இருந்துச்சி. இப்ப யாரு கழுவறது?”

“நாமதான்.”

ஞாயிற்றுக்கிழமை, பழைய புடவையை நனைத்து டென்டுக்கு மேலே வீசி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், மாற்றி மாற்றி இழுத்தோம். உச்சி வெயில் வரைக்கும் ஆனது. அடுத்த ஞாயிறு வந்தபோது மறுபடி கறுத்திருந்தது. இழுத்துவிட்டு வந்தால், தலைமுடியை அள்ளி முடியக்கூட எனக்குக் கை எழும்பாது.

ஐந்தாவது வாரம் புடவை என் பக்கமே வந்து விழுந்தது. சுற்றிப் போனேன். அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

“வாரம் பூரா அந்தக் கரிக்குள்ளதான் கெடக்கறேன். லீவு நாள்லயும் அதையே தொடைக்கணுமா? முடியலம்மா.”

எனக்கும் சண்டை போடத் தெம்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கழட்டிடலாமா?” என்றேன்.

“செடி வெயிலு தாங்குமா?”

“தாங்குனா தாங்கட்டும்.”

அன்றைக்கே ஷீட்டைக் கழற்றிச் சுருட்டினோம். பாதிச் செடி கருகியது. மீதி, சின்னச் சின்னதாகக் காய்த்தது. விற்கிற அளவுக்கு இல்லை, குழம்புக்கு ஆனது.

இப்போது மழைக்கு முன்னால் ஷீட்டைப் போர்த்தி, மழை விட்டதும் எடுத்துவிடுகிறோம். உள்ளே கொத்தமல்லி மட்டும்தான். ஒவ்வொரு தடவை போர்த்தும்போதும் “இந்த வருசத்தோட சரி” என்கிறார் அவர். நான் சரி என்கிறேன்.