அரை இட்லி

போன வாரம் காளவாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு மழலையர் பள்ளி. ஓர் இளம் தாய் தன் பையனைக் கேட்டுக்குள் அனுப்பப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். அவன் துப்பட்டாவைப் பிடித்த பிடியை விடவில்லை. "அம்மா இங்கனயேதான் நிப்பேன் தங்கம், எங்கயும் போக மாட்டேன், நீ உள்ள போ" என்றாள். பையன் நம்பிவிட்டான். அவன் முதுகைத் திருப்பியதுதான் தாமதம், நின்றிருந்த ஆட்டோவுக்குப் பின்னால் பதுங்கிப் போய் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்த வித்தையில் நான் அவளுக்குப் பெரியப்பா முறை.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் பழங்காநத்தத்தில் குடியிருந்தோம். என் மனைவிக்குத் திருமங்கலத்தில் ஆசிரியை வேலை, காலை ஏழு மணிக்கே பஸ் ஏற வேண்டும். எனக்கு டவுனில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஒரே மகள் கலா. பகலில் அவளைப் பக்கத்து வீட்டு ராஜாமணியக்கா பார்த்துக்கொண்டார்.

பவுடர் வாசனை வந்தால் அம்மா கிளம்புகிறாள் என்பது கலாவுக்கு இரண்டு வயதிலேயே தெரிந்துபோனது. ஓடி வந்து முழங்காலைக் கட்டிக்கொள்வாள். அதனால் என் மனைவி கைப்பையையும் பவுடர் டப்பாவையும் நல்ல சேலையையும் முதல் நாளே ராஜாமணியக்கா வீட்டுக்குக் கடத்திவிடுவாள். காலையில் அடுப்படிச் சேலையோடு குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு, "கொட்டிட்டு வந்துர்றேன்" என்று போவாள். அங்கே உடுத்திக்கொண்டு அப்படியே பஸ் ஸ்டாப். கலா கதவுக்குப் பின்னால் குப்பைக் கூடை திரும்பி வரக் காத்திருப்பாள். சில நாளில் குப்பைக் கூடையைத் தொட்டாலே அலறத் தொடங்கினாள். தண்ணீர்க் குடத்துக்கு மாறினோம். அதுவும் செல்லாமல் போனது. கடைசியில் வீட்டில் யார் எந்தச் சாமானைத் தூக்கினாலும் பிள்ளை அழுதது. "சின்னப் பிள்ளைதானே, மறந்துரும்" என்று தெருவே சொன்னது, நாங்களும் சொல்லிக்கொண்டோம். இந்தப் பொய்களை எல்லாம் சொன்னது அவள் அம்மா. நான் அதுவரை நல்லவன்.

நாலரை வயதில் ஒரு விஜயதசமியன்று அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் யார் கேட்டார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. கலாவுக்கு ஒரு விரற்கடை எட்டவில்லை. தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நான் அவள் தலையை லேசாகச் சாய்த்துவிட்டேன். விரல் நுனி பட்டுவிட்டது. அடுத்த வருடம் வரை பொறுக்க எங்களால் முடியவில்லை. ராஜாமணியக்கா வீட்டைக் காலிசெய்து போகிறார் என்ற அவசரம். புதுச் சிலேட்டும் பொரிகடலையுமாகக் கலா அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

மறுநாள் காலையில் கேட்டருகே என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். அலுவலகத்தில் கையெழுத்து நோட்டு பத்து மணிக்கு மேனேஜர் மேசைக்குப் போய்விடும். சாயங்காலம் நாலு மணிக்கு நழுவினால் கண்டுகொள்ள ஆளில்லை, காலையில் ஒரு நிமிடம் பிந்தினால் ஊரே கூடிவிடும். எதிரே வாடகை சைக்கிள் கடையும் அதன் பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பமும் இருந்தன. கம்பத்தைக் காட்டி, "அப்பா அங்கனயே நிப்பேன்" என்றேன்.

"சாயங்காலம் வரைக்குமா?"

"சாயங்காலம் வரைக்கும்."

"கால் வலிக்காதா?"

"அப்பாவுக்கெல்லாம் வலிக்காது."

கையை விட்டாள். அவள் உள்ளே போனதும் பஸ்ஸைப் பிடித்தேன். நாலேகாலுக்கு மணி அடிக்கும்போது, காலையிலிருந்து வேர் பிடித்துப்போனவன் மாதிரி அதே கம்பத்தடியில் நின்றேன். ஓடி வந்தவள் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினாள். உள்ளே அரை இட்லி.

"ஒனக்குத்தான். நீ இன்னும் சாப்பிடலேல்ல?"

மத்தியானம் கேண்டீனில் சாப்பாடும், மூன்று மணிக்கு வடையும் காபியும் முடித்துவிட்டு வந்தவன் நான். மறுத்தால் குட்டு உடைந்துவிடும். தின்றேன். காய்ந்துபோன அந்த இட்லியை, பசித்தவன் மாதிரி அவள் பார்க்கப் பார்க்கத் தின்றேன். இப்படிப் பத்து நாள். இட்லி, தோசை, ஒருநாள் கையால் உருண்டை பிடித்த எலுமிச்சம்பழச் சாதம். வீட்டில் மனைவி, "பிள்ளை இளைச்சுக்கிட்டே போகுது, பள்ளிக்கூடத்துல சாப்பிடுறாளா இல்லையா?" என்று கேட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

பதினோராவது நாள் ஐப்பசி மழை மத்தியானமே பிடித்துக்கொண்டது. அலுவலக ஜன்னலைச் சாத்திவிட்டு நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் போனால் பள்ளிக்கூட ஆயா கேட்டிலேயே என்னை மறித்தார்.

"என்ன சார், பிள்ளைகிட்ட என்னத்தச் சொல்லி வச்சிருக்கீங்க? எங்கப்பா நனையிறாங்கன்னு, சிலேட்டத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு ரோட்டுக்கு ஓடிட்டா. நல்ல வேளை, சைக்கிள் கடை அண்ணே பிடிச்சாரு."

சைக்கிள் கடைக்காரர் பாவம், ஒன்றும் அறியாதவர். "அப்பா எங்க?" என்று கேட்ட பிள்ளையிடம், "ஒங்கப்பா காலையிலயே பஸ் ஏறிருவாரே பாப்பா, தெனமும் அப்படித்தான" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை அழவில்லையாம். கொஞ்ச நேரம் கம்பத்தையே பார்த்துவிட்டு ஆயாவோடு உள்ளே போய்விட்டதாம்.

கலா வெளியே வந்தாள். கவுன் ஈரமாக இருந்தது. எனக்கு முன்னால் நடந்தாள். அன்றைக்கு டிபன் பாக்ஸ் காலியாக இருந்தது. "பூராத்தையும் சாப்பிட்டிருக்கு!" என்று என் மனைவிக்கு ஒரே மகிழ்ச்சி. மறுநாள் கேட்டருகே என் வேட்டியைப் பிடிக்கவில்லை. "நீ போப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிள்ளை பழகிவிட்டாள் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. வாடகை சைக்கிள் கடைகளே ஊரில் இல்லாமல் போய்விட்டன. சாலையை அகலப்படுத்தியபோது கம்பத்தையும் பிடுங்கிவிட்டார்கள். அவை போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அப்பா பட்டினியாக நிற்கிறாரே என்று தன் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கி வைத்த ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் இருந்தாள். அவள் இருந்தது அந்தப் பத்து நாள்தான். அதற்கப்புறம் வளர்ந்தது கெட்டிக்காரக் கலா. யாரையும் காத்திருக்கச் சொல்லாதவள், பரீட்சைக்கும் பிரசவத்துக்கும்கூட "நீங்க கெளம்புங்கப்பா" என்றவள். மன்னிப்புக் கேட்பதென்றால் எனக்கு இப்போது இவள்தான் இருக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்ததும் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு ஞாபகமே இல்லப்பா" என்று சிரித்தாள். "நீங்க சாப்பிட்டீங்களா?"