சாக்குக்காரனைப் பற்றி நான் சொன்ன பொய்

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். சபைக் கூட்டத்தில் எழுந்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னாலே முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நானெல்லாம் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கிடைத்த உதவியை மறைத்து வைக்க மனம் வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை. அப்போது உறையூரில் குடியிருந்தோம். கணவருக்குப் பொன்மலை ரயில் பட்டறையில் வேலை. ஒரே மகள் ஜெசிந்தாவுக்கு ஏழு வயது. புதுநன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை, வாங்குவதற்காகக் கோயிலில் ஞானோபதேசம் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை. ஆனால் சோற்றைக் கண்டால் ஓடுவாள். அவளைச் சாப்பிட வைக்க நான் ஓர் ஆளை உண்டாக்கி வைத்திருந்தேன். அவன் பெயர் சாக்குக்காரன். சாப்பிடாத பிள்ளைகளைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போவான். "மாதா மேல சத்தியமா வருவான்டி" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

அன்று மதியமும் அதைத்தான் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஒரு பெரியவர் தோளில் கோணிச் சாக்கோடு வந்து நின்றார். பழைய பாட்டில் வாங்குகிறவர், பாவம். "ஏதாச்சும் இருக்குங்களாம்மா?" என்றார். ஜெசிந்தா கொல்லைப்புறமாக ஓடிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள் என்றிருந்தேன். நாலு மணியாகியும் வரவில்லை. தெருவில் இல்லை. தறி வீடுகளில் இல்லை. பக்கத்து வீட்டு மீனாட்சி அக்காதான் மெதுவாகக் கேட்டார்: "வாய்க்கால் பக்கம் பாத்தியா?"

கரைக்கு ஓடினேன். உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஆடித் தண்ணீர் கரையைத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. துணி துவைத்தவர்கள் யாரும் பிள்ளையைப் பார்க்கவில்லை. காணாமல் போனதையெல்லாம் தேடிக் கொடுக்கும் அந்தோனியாரே, என் பிள்ளையையும் தேடிக் கொடுங்கள் என்று கரையில் நின்று அழுதேன். மாதா பெயரில் பொய்ச் சத்தியம் செய்த வாய் இது. இந்த வாய் கேட்டால் கொடுப்பார்களா?

"நீ உங்க கோயிலுக்குப் போய்ச் சொல்லிட்டு வா. கரையை நான் பாத்துக்கறேன்" என்று அக்கா என்னைத் தள்ளிவிட்டார்.

சனிக்கிழமை மாலையில் பங்குச் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்பார்; செய்த பாவத்தை அவரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கலாம். கோயிலில் வேறு யாரும் இல்லை. அவர் உள்ளே உட்கார்ந்து கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் திரை மூடியிருந்தது. உள்ளே லேசாக மூச்சுச் சத்தம். சாமி களைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு பேசுவதற்கான சல்லடைத் தட்டியருகே முழங்கால் போட்டேன்.

"சாமி, என் பிள்ளையைக் காணோம். நான்தான் காரணம். சாக்குக்காரன் வருவான்னு மாதா மேல சத்தியம் பண்ணிப் பொய் சொன்னேன். அப்படி ஒருத்தனே கிடையாது சாமி."

உள்ளிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்: "கிடையாதாம்மா?"

திரையை இழுத்தேன். சாமியாரின் பிரம்பு நாற்காலியில் என் மகள் கன்னத்தில் அதன் பின்னல் தடத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒளிந்தவள் அங்கேயே தூங்கிப் போயிருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் புறா எல்லாம் பறந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். அப்போதுதான் சாமியார் வந்தார். "என்னம்மா, நான் வர்றதுக்குள்ளயே முடிச்சிட்டீங்களா?" என்றார். விஷயத்தைக் கேட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஜெசிந்தா, இந்த நாற்காலியில உக்காந்து கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, தெரியுமில்ல?" என்றார்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. என்னையே பார்த்தாள். "அப்ப ராத்திரியெல்லாம் என்னைப் பாத்துக்கிற காவல் சம்மனசு? அந்தோனியாரு? அவங்களும் நான் சாப்பிடுறதுக்காகச் சொன்னதாம்மா?"

வாய்க்கால் கரையில் வந்த பயத்தைவிட இது பெரிதாக இருந்தது. சாமியார் சொல்வார் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "இல்லடி. சாக்குக்காரன்கிட்ட அம்மா ஒருநாளும் எதையும் கேட்டதில்ல. உன்னைக் கொடுங்கன்னு இன்னிக்கு அந்தோனியாருகிட்டதான் கேட்டேன்."

யோசித்தாள். "சரி" என்றாள்.

"கிறிஸ்மஸ் தாத்தாவும் வேஷம்தான்" என்று அதையும் சொல்லிவிட்டேன். இனி ஒன்றும் பாக்கி வைக்கக் கூடாது என்று பட்டது.

"அது ஞானோபதேசம் சொல்லித் தர்ற நம்ம உபதேசியாருதானே? எனக்குத் தெரியும். சொன்னா அவருக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லல."

சாமியார் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

வாய்க்கால் கரையில் நின்ற மீனாட்சி அக்காவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தா அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் என்னைப் பார்த்து, "நீ சொன்ன சொல்லுல சாக்குக்காரனை நானே பாதி நம்பிட்டிருந்தேன்" என்றார்.

அந்த நாளுக்குப் பிறகு பிள்ளையிடம் நான் பயமுறுத்திப் பொய் சொன்னதில்லை. கதை சொல்வேன், நிறையச் சொல்வேன், கதை என்று சொல்லியே சொல்வேன். வேஷம் போட்டால் பிள்ளைகள் சிரிக்கட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் சாமி பேரைச் சேர்த்துப் பூச்சாண்டி காட்டாதீர்கள். பிள்ளைகள் இரண்டையும் ஒரே கூடையில் போட்டு வைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே சொல்லியிருந்தால் என்னைப் போல அழுது கேளுங்கள். பொய் சொன்ன வாய் என்று பார்க்காமல் எனக்குப் பிள்ளையைக் கொடுத்த மாதாவும் அந்தோனியாரும் உங்களுக்கும் கொடுப்பார்கள்.

மறுநாள் ஞாயிறு. ஆறு மணிப் பூசைக்கு மூவரும் போனோம். பிரசங்கத்தின்போது ஜெசிந்தா என் தோளில் தூங்கிவிட்டாள். சாமியார் என்ன சொன்னார் என்று எனக்கும் நினைவில்லை.