ஒரு விசில், ஒரு தட்டு

கள்ளக்குறிச்சி டிப்போவில் என் விசிலுக்கு ஒரு பேர் இருந்தது. தற்பெருமைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டில் நான் என் வண்டிக்கு ஊதினால், பக்கத்தில் நிற்கும் தியாகதுருகம் வண்டியின் டிரைவர் தனக்குத்தான் ஊதினார்கள் என்று கிளம்பிவிடுவார். அப்படிப்பட்டவனுடைய நெஞ்சைத் திறந்து, வலது நுரையீரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டுத் தைத்து அனுப்பினார்கள். புற்றுநோய். பீடியா, சிகரெட்டா என்று கேட்காத ஆள் கிடையாது. இரண்டையும் தொட்டதே இல்லை என்று சொன்னால், பாவம், இந்த நிலைமையிலும் மறைக்கிறான் என்பதுபோல் தலையாட்டுவார்கள். எரிச்சல் தாங்காமல் இரண்டொருவரிடம், ஆமாம், தினமும் ஒரு கட்டு என்று சொல்லி வைத்தேன். அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

தழும்பு முதுகில் தோள்பட்டைக்குக் கீழே ஆரம்பித்து, விலாவைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வரை வரும். அதை ஒட்டி ஒரு கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போய்விட்டது. கொசு கடித்தால் தெரியாது. ஆனால் அரிக்கும். அரிக்கிற இடம் ஒன்று, சொறிந்தால் படுகிற இடம் வேறொன்று. என் மனைவி விசிறிக் காம்பை வைத்து முதுகு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, "எங்கதாங்க அரிக்குது, சொல்லித் தொலைங்க" என்பாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன். வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. மழைக் குளிரில் விலா எலும்புக்குள் யாரோ கிள்ளுவார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சுக்கு இடம் இருக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, நடந்தால் பேச முடியாது, பேசினால் நடக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம். கண்டக்டர் வேலை என்பது இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான்.

அதனால் டிப்போ மேனேஜர் எனக்கு டிக்கெட் கட்டுகள் கொடுக்கும் அறையில் ஒரு நாற்காலி போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். உட்கார்ந்துகொண்டே சம்பளம். வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். எனக்கு அந்த அறையை நினைத்தாலே மூச்சு முட்டியது. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து விடியற்காலையில் கட்டைக் கொடுக்க வேண்டும், அப்புறம் நாளெல்லாம் சுவரைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் ஏறினால் நான் பிழைத்து வந்தவன், அந்த அறையில் உட்கார்ந்தால் நோயாளி. என் மனதில் இருந்தது இவ்வளவுதான். வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனைவி விசிறிக் காம்பை வேறு வேலைக்கு எடுத்திருப்பாள்.

என் லீவு முடிந்த நாள், இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலுக்கு நடுவில் வந்து விழுந்தது. எங்கள் பக்கம் ஒரு பஸ், லாரி ஓடவில்லை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அந்த நாட்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி போகவில்லை. உயிர் போன வீடுகள் உண்டு, தீயில் போன வீடுகளும் உண்டு. அதை நினைக்காமல் என் கதையைச் சொல்வது சரியில்லை. ஆனால் என் கதை அந்த ரோட்டில்தான் நடந்தது.

லீவு முடிந்தும் போகாவிட்டால், உடம்பு முடியாதவன் என்று எழுதி நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். எங்கள் ஊரிலிருந்து டிப்போவுக்குக் கொஞ்ச தூரம்தான். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தோல் பையை மாட்டிக்கொண்டு, வெயிலுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தேன். பஸ்ஸை நிறுத்துவதற்காகச் சாய்த்த மரங்கள் எனக்குப் பெஞ்சாக இருந்தன. ஒரு மரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தால், அடுத்த மரம் கண்ணுக்குத் தெரியும். என்னைக் கேட்டுத்தான் இடைவெளி விட்டு வெட்டினார்களோ என்று தோன்றியது.

ஒரு மரத்தடியில் மறியல்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என்னை நிறுத்தினார்.

"யோவ், பஸ்ஸே ஓடல. கண்டக்டரு எங்க போய்க்கினு கீறாரு?"

நடந்து வந்த வேகத்தில் பதில் வரவில்லை. இரு என்று கையைக் காட்டிவிட்டு மரத்தில் உட்கார்ந்தேன். கூட்டமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சு திரும்பி வந்ததும், "டூட்டிக்கு" என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர்கள் ஆபரேஷன் விஷயத்தைக் கேட்டதும் அடங்கினார்கள். ஒரு சொம்பு மோர் வந்தது. இரண்டு பேர் என் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரம் வரை கூடவே வந்தார்கள்.

டிப்போவில் என்னைப் பார்த்ததும் மேனேஜர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நடந்தா வந்த?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். வழியில் எத்தனை மரத்தில் உட்கார்ந்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறியல் முடிந்து வண்டிகள் கிளம்பியபோது கூப்பிட்டு அனுப்பினார்.

"வெள்ளிமலை வண்டி சும்மா நிக்குது. அதோட கண்டக்டரு உளுந்தூர்பேட்டை பக்கம் வேற ரூட்டு கேட்டு வாங்கிக்கினான். நீ போய்ப் பாரு. ஆனா செக்கிங்ல உன்னப் பத்தி ஒரு ரிப்போர்ட் வந்தாலும் மறுநாள் ரூம்தான். அப்புறம் என்னாண்ட வந்து நிக்கக் கூடாது."

மலை வண்டி யாருக்கும் பிடிக்காத வண்டி. எனக்கு அன்றைக்கு அதைவிட அழகான வண்டி தமிழ்நாட்டில் இல்லை.

டிரைவர் என் பழைய கூட்டாளி. நல்ல மனுஷர், ஆனால் சட்டம் என்றால் சட்டம். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும், தொடர்ந்து பல சத்தம் வந்தால் ஆபத்து, உடனே பிரேக். இதில் அவருக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. முதல் நாள் கச்சிராயபாளையத்தில் ஆள் ஏற்றிவிட்டு ஊதினேன். ஒன்று வந்தது. இரண்டாவதுக்கு மூச்சு இல்லை. இழுத்துப் பிடித்து நான் இரண்டாவதை ஊதுவதற்குள், அடுத்தது பின்னாலேயே வரும் என்று மெல்ல நகர்த்தியவர், அது வராமல் போகவே ஒரு விசில்தானே என்று நிறுத்திவிட்டார். நின்ற பிறகு அடுத்தது கேட்டது. அதையும் தனியாகக் கணக்கு வைத்து, நிற்கத்தான் சொல்கிறேன் என்று நின்றுகொண்டே இருந்தார். மறுபடி ஊதினேன். ஒன்று கேட்டது. இப்படியே வண்டி நகர்வதும் நிற்பதுமாக, நின்றிருந்தவர்கள் எல்லாம் முன்னும் பின்னும் ஆடினார்கள். ஒரு பெரியவர் தன் ஊர் வந்துவிட்டது என்று இறங்கியே போய்விட்டார். அவரைக் கூப்பிடவும் எனக்கு மூச்சு இல்லை.

டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னாபா, போவவா நிக்கவா? ஒண்ண சொல்லு" என்றார்.

"ஒண்ணுதான்யா வருது" என்றேன்.

பின் சீட்டில் சந்தைக்குப் புளி விற்க வந்துவிட்டுத் திரும்பும் ஒரு மலைக்கார அம்மா உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். மலைக்காரர்களுக்கு யாராக இருந்தாலும் 'நீ'தான், கலெக்டரே வந்தாலும் அப்படித்தான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ ஒண்ணு ஊது. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள். ஊதினேன். ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு, தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். டிரைவர் கொஞ்ச நேரம் யோசித்தார். லாரியில் கிளீனர் தட்டினால் வண்டி போகத்தானே செய்கிறது, விசில் ஒன்று, தட்டு ஒன்று, ஆக இரண்டு என்று அவருடைய சட்டத்துக்கும் சரியாக வந்தது. வண்டி கிளம்பியது.

அதற்குப் பிறகு அந்த வண்டி என் சொந்தக்காரர் வீடு மாதிரி ஆகிவிட்டது. பின் சீட்டு ஜன்னலோரம் யார் உட்கார்ந்தாலும் தட்டுவது அவர்கள் பொறுப்பு. ஊர்ப் பேரை முன்னால் இருப்பவர்கள் கத்திவிடுவார்கள். நான் உட்கார்ந்த இடத்துக்குக் கை மாறிக் கை மாறிக் காசு வரும், அதே வழியில் டிக்கெட் போகும். கொண்டை ஊசி வளைவுகளில் காற்று சில்லென்று அடிக்கும்போது, யாராவது ஒரு துண்டை என் வலது தோளில் போட்டுவிடுவார்கள். ஒரு தாத்தா, "இன்னிக்கு மூச்சு எப்படி கீது?" என்று கேட்காமல் டிக்கெட் வாங்க மாட்டார். மழை வருமா என்று கேட்பது போலத்தான் கேட்பார். நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் கச்சிராயபாளையத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். ஒல்லியான ஆள், சிடுசிடுப்புக்குப் பேர் போனவர். அவர் கையால் ரிப்போர்ட் வாங்காத கண்டக்டர் எங்கள் டிப்போவில் குறைவு. என் முகத்தைப் பார்த்தே வண்டியில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. இன்றைக்குக் கண்டக்டரைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்திருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை, அங்கேதான் தப்பு.

அணைப் பக்கத்து நிறுத்தத்தில் ஆள் ஏறியதும் ஊதினேன். பின் சீட்டிலிருந்து ஒரு தட்டு. வண்டி கிளம்பியது. அந்தத் தட்டைக் கவனிக்காமல், பின் சீட்டுக்காரர் மறந்துவிட்டார் என்று நினைத்து வலது பக்கத்தில் ஒருவர் தட்டினார். அவரை நம்பாமல் இடது பக்கத்தில் இருவர் தட்டினார்கள். உடனே இரண்டு பக்கமும் இருந்த அத்தனை கைகளும் தகரத்தில் விழுந்தன. தொடர்ந்து பல சத்தம் என்றால் ஆபத்து. டிரைவர் இருந்த பலத்தையெல்லாம் காலில் வைத்து பிரேக்கை மிதித்தார். சந்தையில் விலைபோகாமல் திரும்பி வந்துகொண்டிருந்த ஒரு புளி மூட்டை மேல் இன்ஸ்பெக்டர் போய் உட்கார்ந்தார்.

"இன்னாய்யா நடக்குது இங்க?" என்றார், மூட்டையிலிருந்து எழாமலே.

நான்தான் சொன்னேன். ஆபரேஷன், இரண்டாவது விசில் வராதது, இவர்கள் தட்டுவது, எல்லாம். நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"நான் எழுதினா இன்னா ஆவும் தெரியுமா?"

"தெரியும் சார். ரூம்."

"ரூம்ல உக்காந்தா உடம்புக்கு நல்லதுதானய்யா?"

"உடம்புக்கு நல்லதுதான் சார்" என்றேன். அதற்கு மேல் சொல்ல எவ்வளவோ இருந்தது. மூச்சு தீர்ந்துவிட்டது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதை மூச்சுத் திணறல் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் புளிக்கார அம்மா அன்றைக்கும் வண்டியில் இருந்தாள். "அவனுக்கு மூச்சு கம்மி, எங்களுக்குக் கை கீது. இதுல உனக்கு இன்னா கஷ்டம்? மொதல்ல என் மூட்டய விட்டு எந்திரி" என்றாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். என்ன நினைத்தாரோ, பின் சீட்டில் ஜன்னலோரம் இருந்தவரை நகரச் சொல்லிவிட்டு அங்கே உட்கார்ந்தார்.

"மேல டீ கிடைக்குமா?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப ஊது. லேட் ஆவுது."

ஊதினேன். ஒன்று. வண்டியில் ஒரு கை அசையவில்லை. டிரைவர் கண்ணாடியில் பின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் வெளியே மலையைப் பார்த்தபடி, எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்காமல், கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தகரத்தில் ஒரு தட்டு தட்டினார்.

வண்டி கிளம்பியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இருமல் வரும், இருமினால் விலா பிடித்துக்கொள்ளும், அளவாகச் சிரிக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். விலாவைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளிமலை வரும் வரை சிரித்தேன்.