கினுயோ ஒத்துக்கொண்ட பாராட்டு

ஜப்பானில் நுமஸு துறைமுகத்துப் பக்கம் உள்ள சூப்பர் மார்க்கெட்டில், இறாலையும் காய்கறியையும் மாவில் தோய்த்து டெம்புரா பொரிக்கிறவள் கினுயோ. காய்ச்சலோடு வேலைக்கு வந்தாலும், கத்துகிற வாடிக்கையாளரைக் குனிந்து வணங்கியே அடக்கினாலும், "கினுயோ சான், சைக்யோ!" என்று கூவுவாள் கூட வேலை பார்க்கும் மிரெய். 'சான்' மரியாதைக்கு; 'சைக்யோ' என்றால் உங்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது என்று அர்த்தம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயில் வேறு பாராட்டே வராது.

அந்த டிசம்பரில் கினுயோவுக்கு வலது தோள் தூக்கவே வரவில்லை. ஓய்வு எடுக்காவிட்டால் கை முடங்கிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் வருஷக் கடைசி நாளில் நூடுல்ஸோடு தின்ன ஊரே டெம்புராவுக்கு வரிசை கட்டும். அன்றைக்கு லீவு கேட்பது எப்படி?

மதியச் சாப்பாட்டின்போது மேலாளர் அசகுரா, "முப்பத்தொண்ணாம் தேதி கினுயோ சான் இருக்கறப்ப நமக்கென்ன கவலை!" என்றார்.

"சைக்யோல்ல!" என்றாள் மிரெய்.

"ஐயோ, இல்லீங்க. என்னால முடியாதுங்க. தோளே தூக்க வரல," என்றாள் கினுயோ. பழக்க தோஷம், இடது கை மூக்குக்கு முன்னால் தானாக ஆடியது. தலையும் குனிந்தது. பாராட்டினால் எல்லாரும் அப்படித்தானே மறுப்பார்கள்?

"என்ன அடக்கம் பாருங்க!" என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

கினுயோவுக்கு ஒன்றும் புரியவில்லை. நிஜமாகத்தானே சொன்னோம்? இன்னும் அழுத்திச் சொன்னால் இன்னும் அடக்கம் என்பார்களோ? வீட்டுக்குப் போயும் அதே குழப்பம்.

மறுநாள் மதியச் சாப்பாட்டிலும் மிரெய் வழக்கம்போல, "சைக்யோ!" என்றாள். மறுத்து மறுத்து அலுத்துப்போயிருந்த கினுயோ, "ஆமா. என்னை அடிச்சுக்க ஆளே இல்ல," என்றாள்.

சாப்பாட்டுக் குச்சிகள் அப்படியே நின்றன. மிரெய் முகம் வெளுத்துவிட்டது.

"கினுயோ சான்... உடம்புக்கு என்ன பண்ணுது?" என்றார் அசகுரா மெதுவாக.

"தோள்," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"முப்பத்தொண்ணாம் தேதி நீங்க வரவே கூடாது. சட்டி முன்னாடி நானே நிக்கறேன்," என்றார் அசகுரா.

உண்மையைச் சொன்னபோது கைதட்டியவர்கள் பொய்யைச் சொன்னதும் பதறிப்போனது ஏன் என்று, பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை கினுயோவுக்கு விளங்கவே இல்லை.