மறுதாம்பைப் பார்க்காதவர்

என் முதல் உத்தியோகமே வாழையோடுதான். அறுபதுகளின் தொடக்கம். திருச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் உதவியாளனாக இருந்தேன். அம்மோனியம் சல்பேட் உரத்தை அள்ளிக் கொட்டினால் பூவன் தார் எவ்வளவு பெருக்கும் என்று பார்ப்பது வேலை. அதிகாரி மகா கெட்டிக்காரர். அவர் சொன்னால் எனக்கு வேதம். மறுதாம்பையும் பார்த்த பிறகுதான் விவசாயிகளிடம் வாய் திறப்போம் என்று அவரே வாக்குக் கொடுத்திருந்தார். தாய்மரத்தை வெட்டியபின் அதன் பக்கக் கன்று வளர்ந்து ஈனும் தார்தான் மறுதாம்பு. விவசாயி மூச்சு விடுவதே அதில்தான்.

முதல் தார் ஓர் ஆள் தூக்கத் திணறும் கனம். கண்காட்சியில் பரிசு, அதிகாரிக்கு மாலை. ஆனால் பக்கக் கன்றுகள் வெளிறிப்போய், சோனியாக நின்றன. போய்ச் சொன்னேன்.

“முதல்ல உங்க கல்யாணத்தை முடிச்சிட்டு வாங்க, பார்த்துக்கலாம்” என்றார்.

ஸ்ரீரங்கத்தில் கல்யாணம் முடிந்து திரும்பினால் தோட்டத்தையே காணோம். கன்றுகளைக் கிழங்கோடு தோண்டி எறிந்து, உழுது போட்டிருந்தார்கள். என் கல்யாணத்துக்கு முதல் நாளே உத்தரவாம்.

“என்ன சார் இது?”

“மறுதாம்பைப் பார்க்க நான் இங்க இருக்கப்போறதில்லையே” என்று சிரித்தார். அடுத்த மாதமே பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதோடு தொலைந்தது என்றுதான் நினைத்தேன்.

மறு வருஷக் கடைசியில் அக்காவின் கணவர் முசிறியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். பஸ்ஸின் மேலே போட்டுக் கொண்டுவந்த ராட்சசத் தார் ஒன்றைக் கூடத்தில் சாய்த்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“உங்க பண்ணை முறைதான் மாப்ளே! தோட்டம் பூராவும் போட்டேன். தார் வந்தப்புறம் காட்டலாம்னுதான் உங்ககிட்ட மூச்சு விடலை. உங்க கல்யாணத்துல ஆபீசருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. அவருதான் சொன்னாரு. மறுதாம்பு இதைவிடப் பெருசா வருமாம். அதை நம்பித்தான் பொண்ணுக்கு நிச்சயம் பண்ணியிருக்கேன்.”

பாவி, கன்றுகளைத் தோண்டச் சொல்லிவிட்டு வந்து என் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். கன்று வெளிறியதிலிருந்து உழுது மறைத்தது வரை ஒன்று விடாமல் அத்தானிடம் சொன்னேன்.

அத்தான் நம்பவில்லை, சிரித்தார்.

“போங்க மாப்ளே. கல்யாணச் சாப்பாட்டுல கையை வச்சுக்கிட்டு யாராச்சும் பொய் சொல்லுவாங்களா?”